ஒரு வெண்கலத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது

அன்புத் தம்பிக்கு,

"60 லட்சம் பேர் இருக்கிற சிங்கப்பூருக்கு ஒரே ஒரு வெண்கலமா?" என்று பெர்த்தில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டதாகவும், உனக்குப் பதில் சொல்ல வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அடுத்த முறை கேட்டால் பேசாமல் இருக்காதே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு நம் பிள்ளைகள் 23 பேர் போனார்கள். ஒவ்வொருவரும் தன் பழைய அளவைத் தாண்டினாரா, அதற்குக் கீழே நின்றாரா, ஏன் என்று பார். அணி எப்படி ஆடியது என்பது அதில்தான் தெரியும். பதக்கப் பட்டியல் அதைச் சொல்லாது.

முதலில் அந்த வெண்கலத்தையே எடுத்துக்கொள். மேக்சிமிலியன் மேடர், 17 வயது, பாய்மரப் படகோட்டத்தில் ஃபார்முலா கைட் என்ற பிரிவு. பலகைக்கு அடியில் தண்டு, தண்டின் அடியில் இறக்கை மாதிரி ஒரு ஃபாயில். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும், ஃபாயில் மட்டும்தான் நீருக்குள் ஓடும். இழுப்பது மேலே பறக்கும் பட்டம். காற்று குறைவான நாளில் பெரிய பட்டம், பலத்த காற்றில் சின்னது. எதை எடுப்பது என்பதைக் கரையிலேயே முடிவு செய்ய வேண்டும். பெரியதை எடுத்துக்கொண்டு போனபின் காற்று ஏறினால் அடக்க முடியாது. சின்னதை எடுத்தபின் காற்று இறங்கினால் பட்டம் தண்ணீரில் விழும். நனைந்த பட்டத்தை மெல்லிய காற்றில் திரும்ப எழுப்புவதற்குள் பந்தயமே முடிந்துவிடும்.

அந்தப் பந்தயங்கள் நடந்த பிரான்சின் மார்செயில் அந்த வாரம் காற்றுதான் எல்லாரையும் சோதித்தது. திட்டமிட்ட பந்தயங்கள் பல நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 8-இல் முடிய வேண்டிய போட்டி 9-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. தொடக்கச் சுற்றில் ஸ்லோவேனியாவின் டோனி வோடிஷெக் முதலிடம், மேடர் இரண்டாமிடம். இருவரும் நேரே இறுதிக்குப் போனார்கள்.

இனித்தான் பலருக்குப் புரியாத இடம். இறுதியில் நால்வர். மூன்று வெற்றி முதலில் சேர்ப்பவருக்குத் தங்கம். தொடக்கச் சுற்றில் முதலாவதாக வந்தவர் கையில் இரண்டு வெற்றியோடு வருவார், இரண்டாவதாக வந்தவர் ஒன்றோடு. அரையிறுதி வழியாக வரும் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. ஆக வோடிஷெக்குக்கு இன்னும் ஒன்று போதும், மேடருக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் மூன்று. கணக்குப்படி மேடருக்கு வாய்ப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பந்தயமும் சில நிமிடம்தான். புறப்படும் கோட்டில் இரண்டு நொடி தாமதித்தால் முன்னே போகிறவர் கலைத்துவிட்ட காற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும், பிறகு மீள இடம் இருக்காது. அரையிறுதி வழியாக வந்த ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டஸ் மூன்றையும் வென்று தங்கத்தை எடுத்துக்கொண்டார். 2023, 2024 இரண்டு ஆண்டும் உலக வெற்றியாளராக இருந்தவர் மேடர். அதனால் சிலருக்கு அந்த வெண்கலம் ஏமாற்றமாகத் தெரிந்தது. என் கணக்கில் அது ஏமாற்றமே இல்லை. பாய்மரப் படகோட்டத்தில் நமக்கு அது முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் நம் தேசிய தினத்தன்று. நம் பதக்கக்காரர்களில் அவரைவிட இளையவர் எவரும் கிடையாது.

அடுத்து சாந்தி பெரேரா. 2023-இல் அவர் ஓடிய ஓட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். 200 மீட்டரில் 22.57 நொடி தேசியச் சாதனை. பாரிசுக்கான நுழைவு அளவும் அதே 22.57தான், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1974-இல் சீ ஸ்வீ லீ 400 மீட்டரில் வென்றபின், ஆசிய விளையாட்டின் திடல்தடப் போட்டிகளில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஆனால் பாரிஸ் 100 மீட்டரில் 11.63. அவருடைய சாதனை 11.20. வித்தியாசம் 0.43 நொடி, அந்த வேகத்தில் கிட்டத்தட்ட நாலு மீட்டர் பின்னால். இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை. ஒலிம்பிக் ஆண்டின் தொடக்கத்திலேயே அவருக்குக் காலில் காயம். ஓட்டக்காரருக்கு வேகத்தைக் கட்டுகிற மாதங்கள் அவைதான். அந்த மாதங்களில் முழு வேகத்தில் ஓட முடியாமல் போனால் ஜூலையில் எத்தனை பயிற்சி செய்தாலும் ஈடாகாது. கூடவே இன்னொன்றைக் கவனி. நேரத்தை ஒப்பிடும்போது காற்றின் அளவையும் பார். பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. காற்று அளவு இல்லாமல் ஒரு நேரத்தைச் சொல்பவர் பாதிதான் சொல்கிறார்.

நீச்சலில் கான் சிங் ஹுவீயைப் பற்றி எவரும் உன்னிடம் பேசியிருக்க மாட்டார்கள். பாரிசில் அவர் 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் தேசியச் சாதனையை முறியடித்தார். பெரும்பாலானோர் ஒலிம்பிக்கில் தங்கள் சிறந்த நேரத்தை எட்டுவதில்லை. தகுதி நேரத்தை அடைவதற்காகவே சில மாதம் முன்னதாக உடலை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதாவது பயிற்சித் தூரத்தை இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்து, உடம்புக்கு ஓய்வு கொடுத்து, ஒரே நாளில் வேகத்தை வெளியே எடுப்பது. அதை ஒரே பருவத்தில் இரண்டு முறை சரியாகச் செய்வது கடினம். அவர் செய்தார். பதக்கப் பட்டியலில் அதற்கு இடமில்லை. என் பட்டியலில் மேடருக்கு அடுத்த பெயர் அவருடையதுதான்.

லோ கியன் யூ பூப்பந்தில் (பேட்மிண்டன்) காலிறுதி வரை போனார். வழியில் சீனாவின் லி ஷிஃபெங்கை வீழ்த்தினார். காலிறுதியில் விக்டர் ஆக்சல்சனிடம் 9-21, 17-21. தங்கம் வென்றவரே ஆக்சல்சன்தான். முதல் ஆட்டத்தில் 9, இரண்டாவதில் 17 என்று ஏறியிருக்கிறதே, அதில் அவர் எதை மாற்றினார் என்று காணொளியில் பார்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல். 1960-இல் ரோமில் டான் ஹாவ் லியாங் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கியதிலிருந்து இன்றுவரை நமக்கு மொத்தம் ஆறு பதக்கம், அதில் ஒரே தங்கம் ஜோசஃப் ஸ்கூலிங் 2016-இல் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 நொடியில் வென்றது. நம் பிள்ளைகள் 16 வயதில் ஓ நிலைத் தேர்வு, 18-இல் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயத் தேசிய சேவை (ராணுவப் பணி போன்றவை) என்று இருக்கிற காலத்தில்தான் மற்ற நாட்டுப் பிள்ளைகள் நாளைக்கு இரண்டு வேளை நீந்துகிறார்கள். சேவையைத் தள்ளிவைக்க அனுமதி கிடைப்பவர்கள் மிகச் சிலர். ஒரு விளையாட்டில் நம்மிடம் ஒரே ஒருவர் என்றால், அவருக்கு ஒரு காயம் வந்தால் அந்த நான்கு ஆண்டும் போய்விடும்.

பேத்தி நீச்சல் மன்றத்தில் சேர்ந்ததாகச் சொன்னாய். அவளுக்கும் இதே மாதிரி ஒரு நோட்டுப் போடு: தேதி, தூரம், நீந்திய நேரம், முன்பிருந்த சிறந்த நேரம். 25 மீட்டர் குளமா 50 மீட்டர் குளமா என்பதைக் கட்டாயம் எழுது. சின்னக் குளத்தில் சுவரை உதைத்துத் திரும்புவது அதிகம் என்பதால் நேரம் குறைவாகவே வரும், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிள்ளை பின்தங்கிவிட்டதாகத் தோன்றும். இந்த மாதத்து நேரங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா