கௌரி, நீ கேட்ட இடங்கள்

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள கௌரி,

இங்கு அனைவரும் நலம். நம் ஊரில் போட்டோ எடுக்க நல்ல இடம் எது என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச முடியவில்லை. ஒன்றரை மாதம் தங்கப்போகிறேன் என்றும் சொன்னாய். சந்தோஷம்தான். தீபாவளிக்கே இரண்டு நாள் லீவு தராத ஆபீஸ். சரி, அதை விடு.

முதலில் தாராசுரம். வெயில் ஏறுவதற்குள் போய்விடு. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் கல் தேரின் குதிரையும் சக்கரமும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். யானைக்கும் காளைக்கும் ஒரே தலை உள்ள சிற்பத்தை ஏழு வயதில் நீயே தேடிக் கண்டுபிடித்தாய், பெரியத்தையிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேமரா ஸ்டாண்ட் கொண்டு வராதே, தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கோயிலுக்கு முன்பே தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனால் இன்னும் நல்லது. விடிவதற்குள் லாரிகள் இறங்கிக்கொண்டிருக்கும். மூட்டை தூக்குபவர்களிடம் கேட்காமல் கேமராவை நீட்டாதே. தனியாகவும் போகாதே, நான் வருகிறேன்.

வெளிச்சம் என்றால் ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்தான். அகத்தி மரங்களுக்கு நடுவே வெயில் சல்லடையில் சலித்தது போல இறங்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சுவாமிமலையில் மெழுகில் சிலை செய்வதைப் பார்க்கலாம், கேட்டுக்கொண்டு போ. காலேஜுக்குப் போகும் காவிரிப் பாலத்தில் தண்ணீர் வந்த பிறகு நின்று எடு. அந்தக் காலேஜில்தான் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். சொல்லியிருக்கலாம். யாரும் தின்றுவிடப் போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாடி உன் சம்பளத்தில் எழும்பியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதும் உனக்குப் பாரமோ என்று தோன்றுகிறது. பதினைந்து நாளாக நீயாகப் போன் செய்யவில்லை, அதுவும் சரியில்லை.

மகாமகக் குளத்தை மறந்துவிட்டேன். சுற்றிலும் 16 மண்டபங்கள். சாயங்காலம் நாலரைக்குக் கீழைக்கரை மண்டபங்களில் வெயில் நேராக விழும், அப்போது எடு. மதியம் ஒரு மணிக்குப் படம் தேறாது. உட்கார நிழல் கிடைக்கும், அவ்வளவுதான்.

கேமராவையே தொடாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீ நாலாவது படிக்கும்போது, பாத்திரக்கடையில் கணக்கு எழுதிய வேலை போய்விட்டது. ஐந்து மாதம் வீட்டில் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி ஒரு நாள் மண்டபத்தில், ஒரு நாள் படித்துறையில், ஒரு நாள் தாராசுரத்தில் உட்கார்ந்திருப்பேன். சம்பளத் தேதியில் பெரியத்தையிடம் கடன் வாங்கிக் கவரில் போட்டு அம்மாவிடம் தருவேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டாய் என்று உன்னை அறைந்தது அந்த மாதங்களில்தான். நீ கேட்டதில் தப்பில்லை. பணம் இல்லை என்று ஒரு குழந்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது.

அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஒரு நாள் கிளம்பும்போது, வெயில் கடுமையாக இருக்கிறது என்று குடையைக் கையில் கொடுத்தாள். கடைக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்குக் குடை எதற்கு?

பஸ் ஏறியதும் என் நம்பருக்கு முதலில் போன் செய். ஸ்டாண்ட் வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா, கொண்டு வராதே. குடையும் வேண்டாம், வீட்டில் இருக்கிறது.

அப்பா