பேட்டி எடுத்தது யாருன்னும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய ஆவணம் எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சு, இனி வரலாறு எல்லாருக்கும் பொதுன்னு சொல்றாங்க, சந்தோஷம்தான், ஆனா அந்த ஆவணத்த யார் எப்படி எழுதினாங்கன்னு கேக்காம அப்படியே ஏத்திட்டா பழைய அநியாயமும் சேர்ந்தே ஏறிடுது.

அமெரிக்காவுல 1936லேர்ந்து 1938 வரைக்கும் அரசாங்கமே ஆள் அனுப்பி, அடிமையா இருந்து விடுதலையானவங்க 2,300 பேருக்கு மேல பேட்டி எடுத்துச்சு. அதுல சார்ல்ஸ்டன் ஊர்ல சூசன்னு நூறு வயசு தாண்டின ஒரு பாட்டி. ஜெஸ்ஸி பட்லர்னு ஒரு வெள்ளைக்கார அம்மா போய் கேட்டப்போ, இவங்க வெல்ஃபேர் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டு எங்க எஜமான் நல்லவருன்னு சொன்னாங்க. அதே பாட்டிகிட்ட அகஸ்டஸ் லாட்சன்னு ஒரு கறுப்பினத்தவர் போனார், அவர்கிட்ட சாட்டையடி, அத மத்த அடிமைங்கள நிக்க வச்சு பாக்க வச்சது, சொல்லாம கொள்ளாம சொந்தபந்தத்த பிரிச்சு வித்தப்போ ராத்திரி பகலா கேட்ட அலறல்னு எல்லாத்தையும் கொட்டினாங்க. வேலையில்லாம ஊரே பட்டினி கிடந்த காலம் அது, உதவிப்பணத்த நம்பியிருந்த வயசானவங்க அந்த அம்மா முன்னாடி வேற என்னதான் சொல்ல முடியும்?

ஒரு பேட்டில பேரு சூசன் ஹாம்லின், இன்னொன்னுல சூசன் ஹாமில்டன். ஒரு பேர போட்டு தேடினா ஒரு சூசன்தான் வருவாங்க, எந்த சூசன்ங்கறது நம்ம அதிர்ஷ்டம். பேட்டி எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெள்ளைக்காரங்க, இத தெரியாம கம்ப்யூட்டர வச்சு எண்ணினா நல்ல எஜமானுங்கதான் ஜாஸ்தி தெரிவாங்க.

பிளாக் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்னு, கறுப்பின வரலாற்றையும் இலக்கியத்தையும் கம்ப்யூட்டர வச்சு ஆராயற, கறுப்பின ஆய்வாளர்கள் வளர்க்குற துறை இங்கதான் கை வைக்குது. டெலவேர் பல்கலைக்கழகத்துல 2012ல ஆரம்பிச்ச கலர்ட் கன்வென்ஷன்ஸ் ப்ராஜெக்ட்டுல, 19ம் நூற்றாண்டுல கறுப்பின மக்கள் உரிமைக்காக கூடின மாநாட்டுக் குறிப்புல ஆம்பளைங்க பேருதான் நெறைய இருக்குன்னு, ஒரு ஆம்பளைய பத்தி ஆராய்ச்சி பண்றவங்க கூட இருந்த ஒரு பொம்பளைய பத்தியும் தேடணும்னு வச்சிருக்காங்க. அந்த டேட்டாவ எடுக்குறவங்களும் இவங்க வெறும் எண் இல்ல, மனுஷங்கன்னு மதிச்சு பயன்படுத்துவோம்னு ஒத்துக்கணும். இது எல்லா ஆவணக் காப்பகத்துக்கும் வரணும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். 1850ல லூயி அகாசிங்கற விஞ்ஞானி தன்னோட இனவெறிக் கொள்கைய நிரூபிக்க அடிமையா இருந்த ரென்டி, டீலியான்னு அப்பாவையும் மகளையும் துணிய அவுக்க வச்சு படம் எடுக்க வச்சார். அவங்க வாரிசுன்னு சொல்ற டமாரா லேனியர் 2019ல அந்தப் படங்கள வச்சிருந்த ஹார்வர்டு பல்கலைக்கழகம் மேல கேஸ் போட்டு, 2025ல தான் சமரசம் ஆச்சு. இந்த மாதிரி படம் இலவசமா கிடைக்குதுன்னு எடுத்து போடாதீங்க, போட்டே ஆகணும்னா படத்துல இருக்கறவங்க பேரு, எடுக்க வச்சது யாரு, எதுக்குன்னு அடியிலயே அச்சடிங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி