அது கழுகு இல்லைங்க, பாறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கு பத்தி வந்த கட்டுரையில ஒரு வரி, 'மார்ச்சுல போனா வெறும் முள்ளுக்காடு, மேல நாலு பிணந்தின்னி கழுகு, வேற ஒண்ணுமில்ல'ன்னு. ரெண்டு நாளா மனசுல உறுத்திட்டே இருக்குங்க.

நான் மசினகுடி பக்கம் பொறந்து வளர்ந்தவன். அது கழுகு இல்ல, பாறு. கழுகு வேட்டையாடும், பாறு செத்ததைத் தின்னும். சின்ன வயசுல எங்க எருமை ஒண்ணு செத்துப்போச்சு, அப்பா காலையில ஓடைக்கு அந்தப்பக்கம் இழுத்துப் போட்டாரு, மத்தியானம் போய்ப் பார்த்தா வெள்ளை வெளேர்னு விலா எலும்பு மட்டும்தான் கெடந்துச்சு, நாத்தமே இல்ல. அந்தப் பறவைங்கதான், டைக்ளோஃபினாக்னு வலி ஊசி போட்ட மாடு செத்து அதைத் தின்னதால கிட்னி கெட்டு கொத்துக்கொத்தா செத்துச்சு. 2006லயே மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை பண்ணியாச்சு, உங்களுக்குத் தெரியாததில்ல. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை போடற பறவைங்க அது, போன கூட்டம் எப்பங்க திரும்ப வரும்? இன்னிக்கும் வெண்முதுகுப் பாறு ஆத்தோர நீர்மருது மரத்துலயும் கருங்கழுத்துப் பாறு பாறை இடுக்குலயும் கூடு கட்டுது, மார்ச்சுல கூட்டுல குஞ்சு இருக்கும். அதைத்தான் உங்காளு ஒண்ணுமில்லங்கறாரு.

நீலகிரி மழையை மறைக்கறதால அந்தப் பக்கம் காஞ்சுதான் கெடக்கும். காஞ்சாதான் இலை உதிர்ந்து மிருகம் கண்ணுல படும், தண்ணிக்கு யானை ஆத்துக்கு எறங்கும். பள்ளத்தாக்கு சுமார் 260 மீட்டர் ஆழங்க, விளிம்புல நின்னு கீழ பார்த்தா பாறு நமக்குக் கீழ பறக்கும், முதுகு தெரியும்.

இதுல அவரு சுள்ளி பொறுக்கி டீ போட்டாராம், போட்டோ வேற. புலிகள் காப்பகத்துல, மார்ச் மாசத்துல தீ! ஒரு பொறி போதும், மூங்கிலும் உண்ணிச்செடியும் எப்படிப் பத்தும்னு பச்சைக் கொம்பு ஒடிச்சு அடிச்சு அணைச்ச எங்க ஆளுங்களைக் கேளுங்க. போன வருஷமும் ரோட்டுல காரை நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போடற படத்தை அட்டையில போட்டீங்க, லெட்டர் எழுதினேன், பதில் இல்ல. அதுக்கு முந்தி ராத்திரி ஜீப் சவாரியைப் புகழ்ந்து எழுதினீங்க, அதுக்கும் எழுதினேன். இருபது வருஷமா சந்தா கட்டறவன், ஒரு வரி பதிலுக்குக்கூட நான் லாயக்கில்லையா?

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு மூலையில, கழுகுன்னு போட்டது தப்பு, பாறுன்னு படிக்கவும்னு ரெண்டு வரி போடுங்க. காட்டுக்குள்ள தீ மூட்டறது குத்தம்னும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், மசினகுடி