எதிர்ப்புச் சக்தி கூடினால் எல்லாருக்கும் நல்லதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் பத்திரிகையில் நீரிழிவைப் பற்றி எழுதாத மாதமே இல்லை. 2016இல் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்த நாளிலிருந்து படித்து வருகிறேன், கோப்பியில் சீனியைக் குறைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் சக்கரை சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று கேட்டால் "சக்கரை கூடினால் கிட்னி போய்விடும்" என்ற ஒரே வரிதான் கிடைக்கிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாததால் என் அண்ணன் இரண்டு வருடம் தப்பான வழியில் போய்விட்டார், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு 60 வயது, ஈசூனில் இருக்கிறார். சிறுநீரில் நுரை வந்தபோது கழிப்பறை கழுவும் திரவம்தான் நுரைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. அப்புறம் பலதுறை மருந்தகத்தில் சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்றார்கள். அவர் பயந்துபோய் சக்கரையை நன்றாகவே குறைத்தார், மூன்று மாதச் சராசரிச் சக்கரை (HbA1c) 7 சதவீதத்துக்கு வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" பொடி ஒன்றை ஊரிலிருந்து வரவழைத்துத் தினமும் கலக்கிக் குடித்தார். டாக்டரிடம் சொல்லவில்லை. உடம்பு பலமானால் கிட்னியும் பலமாகும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குதான் தப்பு. நம் உடம்பில் பிறவியிலேயே வரும் எதிர்ப்பாற்றல் ஒன்று இருக்கிறது. தடுப்பூசி போட்டுப் பழக்க வேண்டியதில்லை, ஆள் யார் என்று விசாரிக்காது, எங்கே சேதம் கண்டாலும் ஓடி வரும். நட்சத்திர மீனுக்குக்கூட இது உண்டு. 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைச் செருகி, மறுநாள் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்தார். முள்ளை எடுத்துவிட்டால் அணுக்கள் கலைந்துவிடும், புண் ஆறிவிடும். நீரிழிவில் முள் எடுபடுவதே இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. கூடுதல் சக்கரையும் ரத்த அழுத்தமும் அவற்றின் அணுக்களை நோகடித்துக்கொண்டே இருக்க, அவை அபாயச் சைகை விடுகின்றன. அந்தச் சைகையைப் பிடிக்க டோல் என்ற வகை உணரிகள் அணுக்களின் மேலேயே இருக்கின்றன. உள்ளே என்எல்ஆர்பி3 என்று ஒரு கூட்டுப்பொருள் விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் அணுக்கள் ரத்தத்திலிருந்து வந்து குவிகின்றன. குணமாக்க வந்தவைதான், ஆனால் வேலை முடியாததால் போகாமல் அங்கேயே இருந்துவிட, மெல்ல மெல்லத் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் மறுபடி வடிகட்டாது. சக்கரை இறங்கிய பிறகும் அண்ணனின் சிறுநீரகம் ஏன் சரிந்துகொண்டே போனது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆக, இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, சிறுநீரகத்துக்குள் அது ஓயாமல் வேலை செய்ததுதான் தொல்லை. அந்தப் பொடி அதை உண்மையில் கூட்டியதா என்று கேட்டால், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உள்ளே என்ன கலந்திருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. அதில் பொட்டாசியம் இருந்திருந்தால் அதுவும் ஆபத்துதான், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் அது அளவுக்கு மீறிக் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அதற்காக எதிர்ப்பாற்றலை அடக்கிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. அழற்சியைத் தணிக்கும் என்று நம்பிச் சோதித்த பார்டாக்சலோன் என்ற மருந்தின் பெரிய ஆய்வை, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2019 முதல் நல்ல செய்தியும் வந்திருக்கிறது. சக்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கானாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும், அழற்சியையும் தழும்பையும் தணிப்பதாகக் கருதப்படும் ஃபினெரினோனும் சரிவை மெதுவாக்குவது பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்கவாவது நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டுமே.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். அப்படியிருக்க, விரலில் குத்திப் பார்க்கும் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறோம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்ற பரிசோதனையை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? நுரை வருவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணன் இப்போது வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கிறார். இடது கையில் ரத்தக் குழாயை இணைத்திருக்கும் இடத்தில் விரல் வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது, அதனால் நம் பத்திரிகையை நான்காக மடித்து வலது கையில் பிடித்துப் படிக்கிறார். சிறுநீரக மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்த அழற்சி விஷயத்தைப் பேச்சுத் தமிழில், படத்தோடு ஒரு முழுப் பக்கம் எழுத வையுங்கள். எதிர்ப்புச் சக்திப் பொடி விளம்பரம் வருவதாக இருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி