சூடையும் ஆட்டுக்கிடையும்

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி எப்படி இருக்கு? பாப்பாவுக்கு பயாலஜில இந்த எனர்ஜி ப்ளோ பாடம், அதான் ஒரு உயிர்ல இருந்து அடுத்த உயிருக்கு சக்தி போறது, மண்டைல ஏறலன்னு எழுதியிருந்த. புல்லு, வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்துன்னு புக்குல வரிசையா போட்டா எப்படிடா ஏறும், ஆவடி அபார்ட்மெண்ட்ல வளர்ற புள்ள வெட்டுக்கிளிய எங்க பாத்துச்சு.

நான் இங்க பசங்களுக்கு நம்ம கடல வச்சுத்தான் சொல்றது. கடல்ல மிதக்குற நுண்பாசி வெயில்ல 10,000 கலோரி சேத்து வச்சுருக்குன்னு வையி, அத திங்குற பொடி உயிருக்கு ஏறுறது 1,000, அத திங்குற சூடை மீனுக்கு 100, சூடைய முழுங்குற சீலா மீனுக்கு வெறும் 10 தான். மிச்சமெல்லாம் மூச்சு விட, நீந்த, சூடா, கழிவா போயிருது, போனது போனது தான், திரும்ப வராது. இத லிண்டெமன்னு ஒரு அமெரிக்கக்காரரு ஒரு சின்ன ஏரிய வச்சு எழுதுனாரு, 1942ல அவரு செத்து கொஞ்ச மாசத்துல தான் பேப்பரே வந்துச்சு, பாவம். பத்து சதவீதம்ங்கிறது சும்மா ஒரு சராசரி, கூடும் குறையும், ஆனா பரிச்சைல பத்துன்னே எழுதச் சொல்லு.

இப்ப தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைக்குப் போடுற தீவனத்துல மீன் தூள் இருக்குல்ல, அதுக்கு அரைக்கிறது சூடை மாதிரி பொடி மீனத்தான். அந்த மீன நேரா குழம்பு வச்சாலே நம்ம தட்டுக்கு வந்துரும், இறாலுக்குக் குடுத்து இறால நாம தின்னா நடுவுல ஒரு படி கூடி அதுக்கும் ஒரு வெட்டு விழுகுது. தீவனத்துல இருக்குற நைட்ரஜன்ல பாதிக்கு மேல இறால் ஒடம்புல ஏறாம குட்டைத் தண்ணிலயே கெடக்கும், அது வேற கூத்து.

சத்து விசயம் அப்படி இல்ல, அது சுத்திச் சுத்தி வரும், ஆனா நாம தான் கொண்டாந்து சேக்கணும். முண்டு மிளகாய மூட்டை மூட்டையா லாரில ஏத்துறோம்ல, கூடவே நம்ம மண்ணோட பாஸ்பரஸும் ஏறிப் போகுது, நைட்ரஜன் மாதிரி காத்துல இருந்து புடிக்க அதுக்கு வழியே கெடையாது. முன்ன கம்மாய் வண்டல அள்ளி வயல்ல கொட்டுனது போன சத்த திருப்பிச் சேக்கத்தான், சும்மாவா!

அறுப்பு முடிஞ்சு ஆடு மேய்க்கிற கீதாரி ராத்திரி ஆட்டையெல்லாம் நம்ம வயல்லயே அடைச்சு கிடை போட்டுருந்தாரு. காலைல ஆட்ட ஓட்டுன கையோட அப்பா உழுதுரச் சொல்லிட்டாரு, ராத்திரி விழுந்த மூத்திரம் நெடியடிக்குதுல்ல, அந்த நெடி தான் அமோனியா, வெயில் ஏற ஏற அதுல இருக்குற நைட்ரஜன் காத்தோட பறந்துரும், மண்ணுக்குள்ள பொரட்டிட்டா பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தி பயிருக்குக் குடுத்துரும். அப்பா இந்தப் பாடமெல்லாம் படிச்சதே இல்ல. நைட்ரஜன் சுழற்சிக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, பாப்பாட்ட இதையே சொல்லு.

தழையுரச் செடி கொளுஞ்சிய மடக்கி உழுறது, வேர் முண்டுல ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்றது எல்லாம் தனியா நோட்ஸ் எழுதி வச்சுருக்கேன், போட்டோ எடுத்து அனுப்புறேன். பங்குனில வந்தேன்னா புது மிளகாய் வத்தலா அள்ளிட்டுப் போ, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடு.

மச்சான்