கிரேஹவுண்டைப் பன்றி விரட்டக் கூட்டிப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வேட்டை நாய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும் கிரேஹவுண்டே சிறந்த வேட்டை நாய் என்று முடித்திருந்தார்கள். வேகம் உண்மை. முடிவு எனக்குச் சம்மதமில்லை.

அந்த வேகம் எவ்வளவு நேரத்துக்கு? பந்தயத் திடலில் அது ஓடுவது பெரும்பாலும் 300 முதல் 700 மீட்டர் வரைதான். முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள்ளேயே உடல் சூடு 41 டிகிரி வரை ஏறும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். நம் மலேசியாவின் ஈரக் காற்றில் அது சுலபத்தில் இறங்காது. போன வருடம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தம்பி, ஆசையாக வளர்த்த கிரேஹவுண்டைக் காலை பத்து மணிக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் பன்றி விரட்டக் கூட்டிப் போனார். நாய் திரும்பி வரவில்லை. சூடு தாங்காமல் அங்கேயே விழுந்து செத்தது.

கிரேஹவுண்ட் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. வெட்டிப் போட்ட மட்டையும் புதருமாகக் கிடக்கும் செம்பனையில் இருபதடிக்கு அப்பால் அதற்கு என்ன தெரியும்? நம் தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும்கூடப் பார்வை நாய்கள்தான். கரிசல் காட்டு வெட்டவெளியில் முயலுக்குப் பின்னால் விட்டால்தான் அவற்றின் அருமை தெரியும். அரபு நாட்டு சலூக்கி பாலைவனத்தில் மானைத் துரத்தப் பழகியது. நெடுந்தூரம் என்று வந்தால் கிரேஹவுண்டைவிட நின்று ஓடும். இங்கிலாந்து ஃபாக்ஸ்ஹவுண்டுக்கு இவ்வளவு வேகம் கிடையாது, ஆனால் மோப்பம் பிடித்தபடி மணிக்கணக்கில் ஓடும்.

எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டினார். அவரிடம் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மரவள்ளியைப் பன்றி கிளறிய அன்று, விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் அப்பாவோடு கிளம்பும். தரையை முகர்ந்துகொண்டு மெல்லோட்டமாகவே போகும். நிழலில் நிற்கும், ஓடையில் வயிறு நனையப் படுத்து எழும், மறுபடி மோப்பம் பிடிக்கும். அப்பா பால் நிறுத்துவிட்டு வரும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பும். பதினோரு வருடம் அப்படி ஓடியது.

கிரேஹவுண்ட் வைத்திருப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் திடலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிழலில் தண்ணீர் காட்டுங்கள். காட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்