கடவுச்சீட்டைப் பார்த்ததும் நின்ற பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

11 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா (CELTA) சான்றிதழும் உண்டு. நான் பாடம் நடத்தும் காணொளியை ஒரு தென்கொரியப் பயிற்சி நிலையம் பாராட்டியது. என் கடவுச்சீட்டைப் பார்த்ததும் பேச்சே நின்றுவிட்டது.

தென்கொரியாவின் இ-2 ஆசிரியர் விசா, ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டவருக்கே கிடைக்கும். என் நாடு அதில் இல்லை. சரி, அது சட்டம். அதை விளம்பரத்தில் போடாமல் மூன்று நேர்காணல் வைப்பானேன்? (போட்டிருந்தாலும் எரிச்சல்தான்.) ஆங்கில இலக்கணத்தில் நானே தடுக்கி விழுந்து எழுந்தவள், மாணவர் எங்கே தடுமாறுவார் என்பது எனக்கு அத்துப்படி.

இப்போதெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன்: "என் நாட்டவருக்கு விசா எடுத்துத் தருவீர்களா?" பாதிப் பேர் பதிலே போடுவதில்லை.

ஓர் ஆங்கில ஆசிரியை